கேமராவை அரிசிப் பானையில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், பழைய டிஜிட்டல் கேமராக்களைத் தேடி வாங்கும் கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் தூத்துக்குடியில் 1991இல் பிலிம் ரோலோடு ஸ்டுடியோ ஆரம்பித்தவன். 2004இல் டிஜிட்டலுக்கு மாறினேன். அப்புறம் செல்போன் வந்தது, ஸ்டுடியோ போனது. இப்போது கடையின் முன்பாதியை ஜெராக்ஸ்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பின்பாதியில் ஒரு மேசையும் மேசை விளக்குமாக உட்கார்ந்து கேமரா ரிப்பேர் பார்க்கிறேன். காயலான் கடைக்குப் போக வேண்டிய டப்பாக்களுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது என்றால் என் போன்ற ஆளுக்குக் கசக்குமா?

ஆனால் கட்டுரையின் ஓரத்தில் ‘கேமரா மக்கர் செய்தால்’ என்று கட்டம் கட்டி ஐந்து யோசனை சொல்லியிருந்தீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நனைந்தால் அரிசியில் போடு, லென்ஸ் சிக்கினால் கையால் மெல்ல இழு, கார்டு எர்ரர் என்று வந்தால் பார்மட் பண்ணு. இந்த மூன்றும் கேமராவையோ அதிலிருக்கும் படத்தையோ ஒரேயடியாக முடித்துவிடுகிற யோசனைகள். இணைப்பு வந்த இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமையே ஒரு பெண் அந்தக் கட்டத்தைக் கத்தரித்து பர்சில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டாள். “அண்ணாச்சி, பேப்பர்ல போட்டபடியே பார்மட் பண்ணிப் பாத்தேன், அதுவும் எர்ரர்னுதான் வருது. கேமரா செத்துப்போச்சா?” என்றாள்.

சாகவில்லை. சித்தப்பா பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த 2004ஆம் வருஷத்து 4 மெகாபிக்சல் கேமரா அது. இவள் அதில் போட்டிருந்தது புத்தம்புது 32 ஜிபி கார்டு. பார்க்க எல்லாம் ஒரே எஸ்.டி. கார்டுதான். அதே அளவு, அதே வெட்டுமூலை. ஆனால் ஆரம்பகால எஸ்.டி. என்பது 2 ஜிபியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்.டி.எச்.சி., அதையும் தாண்டினால் எஸ்.டி.எக்ஸ்.சி. என்று கார்டின் முகத்திலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கும். எச்.சி. என்பதே 2006இல்தான் வந்தது. 2004இல் செய்த கேமராவுக்கு அது என்னவென்றே தெரியாது. என் மேசை இழுப்பறையில் பழைய 1 ஜிபி, 2 ஜிபி கார்டுகளை ஒரு பல்பொடி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்றை எடுத்துப் போட்டேன். கேமரா ‘டிங்’ என்று விழித்தது. 4 மெகாபிக்சலுக்கு 2 ஜிபி என்பது ஆயிரம் படத்துக்குப் பக்கம் வரும். கல்லூரிப் பிள்ளைக்கு ஒரு சுற்றுலாவுக்குத் தாராளம்.

வரும் கேமரா ஒவ்வொன்றையும் நீள நோட்டு ஒன்றில் எழுதி வைப்பது என் வழக்கம். இந்தக் கடிதத்துக்காக அதைப் புரட்டிப் பார்த்தேன். போன மாதம் வந்தவை 14. அதில் 9 கேமராவில் நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. கார்டு, பேட்டரி, மூடி, ஏதோ ஒரு பட்டன் தவறாகத் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். “செத்துப்போச்சு” என்று கொண்டுவருகிற கேமராவில் பாதிக்கு மேல் உயிரோடுதான் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

கார்டைப் பற்றி இன்னொன்று. எஸ்.டி. கார்டின் இடது ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு மேலும் கீழும் நகரும். கீழே இறக்கினால் லாக். கேமரா “கார்டு பூட்டப்பட்டிருக்கிறது” என்று சொல்லிப் படமெடுக்க மறுக்கும். இதைத் தெரிந்தவர்கள்கூட ஒரு விஷயத்தில் மாட்டிக்கொள்வார்கள். அந்தத் துண்டு நாளடைவில் தளர்ந்து, கார்டைச் சொருகும்போதே தானாகக் கீழே இறங்கிவிடும். சில கார்டில் உடைந்து விழுந்தே போயிருக்கும். அது வெறும் பிளாஸ்டிக்தான், கார்டுக்குள்ளே எதையும் பூட்டுவதில்லை. கேமராவுக்குள் இருக்கும் ஒரு குட்டி ஸ்விட்ச் அந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறது, அவ்வளவே. பள்ளத்தின் மேல் ஒரு துளி செலோடேப் ஒட்டி, ஓரம் பிதுங்காமல் நகத்தால் தேய்த்துவிட்டால் கார்டு திறந்துகொள்ளும். படத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றியதும் அந்தக் கார்டுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். டேப் உள்ளே உரிந்துகொண்டால் அப்புறம் நான்தான் இடுக்கி வைத்து எடுக்க வேண்டும்.

பழைய கேமரா வாங்கப் போகிற பிள்ளைகள் கார்டு போடும் பொந்தைத் திறந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பழைய ஒலிம்பஸ், புஜி மாடல்கள் பலவற்றில் எக்ஸ்.டி. என்ற கார்டுதான் போகும். அது இப்போது தயாரிப்பிலேயே இல்லை. கேமரா 800 ரூபாய்க்குக் கிடைத்தது என்று வாங்கி வந்தவர்கள் கார்டுக்கு அதைவிட அதிகம் செலவழித்த கதையெல்லாம் என் நோட்டில் உண்டு. வாங்கும் இடத்திலேயே ஒரு படம் எடுத்தும் பாருங்கள். மெனு எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்து, படம் மட்டும் ஊதா நிறத்தில் கோடு கோடாகவோ, ஒரே இருட்டாகவோ வந்தால், பிலிமுக்குப் பதிலாகப் படத்தை வாங்குகிற சென்சார் போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் காலத்துச் சென்சார்களில் ஒரு வரிசை, வெப்பத்திலும் ஈரத்திலும் உள்கம்பி விட்டுப்போகிற கோளாறோடு வந்தது. 2005 கடைசியில் பல கம்பெனிகள் அடுத்தடுத்து அறிவிப்புக் கொடுத்து இலவசமாக மாற்றித் தந்தன. அந்தச் சலுகையெல்லாம் முடிந்து வெகுநாளாகிறது. நம் ஊர் வெயிலுக்கும் கடல்காற்றுக்கும் அப்படிப்பட்ட கேமரா தப்பியிருந்தால்தான் ஆச்சரியம். கீழே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

பேட்டரிக்கு வருகிறேன். இரண்டு பென்சில் செல் போடும் கேமராவை “ஆன் பண்ணினா லென்ஸ் வெளியே வந்து அப்படியே அணைஞ்சுபோகுது” என்று கொண்டுவந்தால், நான் முதலில் கேட்பது எந்த செல் போட்டீர்கள் என்றுதான். பெட்டிக்கடையில் டி.வி. ரிமோட்டுக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் வாங்குகிற செல்லாக இருக்கும். கடிகாரத்துக்குச் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் போதும். கேமராவோ லென்ஸைத் தள்ளவும் பிளாஷைச் சார்ஜ் ஏற்றவும் ஒரே மடக்கில் குடிக்கும். அந்த செல் தாங்காது. ரீசார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட்தான், மற்றது 1.5. இருந்தாலும் இழுக்க இழுக்கத் தளராமல் கொடுப்பது 1.2தான். உள்ளே செல் கசிந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், காது குடையும் பட்ஸில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். லித்தியம் பேட்டரி என்றால் பித்தளை முகங்களைப் பென்சில் ரப்பரால் நான்கு தேய் தேய்த்தாலே போதும். அதற்கும் அசையவில்லையென்றால் பேட்டரி மூடியைப் பாருங்கள். மூடியின் உள்ஓரத்தில் அரிசி முனை போல ஒரு பிளாஸ்டிக் நீட்டிக்கொண்டிருக்கும். அது ஒரு ஸ்விட்சை அமுக்கினால்தான் கேமரா விழிக்கும். முனை ஒடிந்திருந்தால் மூடி மூடியபடியே இருந்தாலும் கேமரா, திறந்திருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

அரிசி என்றதும் உங்கள் கட்டத்தின் முதல் யோசனை ஞாபகம் வருகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையை நீங்களே முதல் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். என் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். தண்ணீர் வடிந்து, கடையைக் கழுவி, கரண்ட் வந்து நான் மேசையைப் போடுவதற்கே ஒன்பது நாளாகிவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொருவராகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாதிப் பேர் அதைத் தூக்குவாளியில், டப்பாவில், பிளாஸ்டிக் கவரில் அரிசியோடு கொண்டுவந்தார்கள். ஒருவர் சம்படத்தைத் திறந்ததும் கடை முழுக்கப் புளித்த வாடை. பொன்னி அரிசி. கேமராவிலிருந்த தண்ணீரில் ஊறி, உப்பி, நொந்துபோயிருந்தது. லென்ஸின் இரண்டு வளையங்களுக்கு நடுவே ஒரு அரிசி புகுந்து பருத்து உட்கார்ந்துகொண்டு, லென்ஸை இம்மி அசையவிடவில்லை. அதை ஊசியால் நெம்பி எடுத்து மேசை விளக்கடியில் வைத்துப் பார்த்தால், அந்த ஒரு மணிமேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை முடி முளைத்திருந்தது. கேமராவைத் திறந்தால் உள்ளே தவிட்டு மாவு பசை மாதிரி. போர்டில் செம்பு இருந்த இடமெல்லாம் பச்சை.

அரிசி தண்ணீரை இழுக்கும் என்பது உண்மைதான், சோற்றுக்கு ஊறவைக்கிற மட்டும். கேமராவின் வயிற்றுக்குள் போர்டுக்கும் போர்டுக்கும் நடுவில் நிற்கிற தண்ணீரை வெளியிலிருந்து அது உறிஞ்சிவிடாது. அதைவிட மோசம், “அரிசியில் போட்டாச்சு” என்ற நிம்மதியில் ஒரு வாரத்தைக் கழித்துவிடுவோம். அந்த ஒரு வாரத்தில்தான் எல்லாம் நடந்துமுடிகிறது. வெள்ளத் தண்ணீரிலும் எங்கள் ஊர்த் தண்ணீரிலும் உப்புண்டு. பேட்டரி உள்ளேயே இருந்தால் கரண்டும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து செம்பை அரித்துத் தின்னும். கடல் தண்ணீர் என்றால் சில மணி நேரமே போதும்.

நனைந்த கேமராவை ‘ஆன் ஆகிறதா’ என்று பார்க்கவே கூடாது. கை அதற்குத்தான் முதலில் போகும், அடக்க வேண்டும். பேட்டரியை உருவுங்கள். கார்டை உருவுங்கள். கார்டு மேல் சேறிருந்தால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள், படங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வெள்ளத்தில் வந்த கேமராக்களில் தேறாதவை நிறைய, ஆனால் கார்டு போனது ஒன்றே ஒன்றுதான். கேமராவின் எல்லா மூடியையும் திறந்துவைத்து, துடைத்து, மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டு, அன்றைக்கோ மறுநாளோ ரிப்பேர்காரரிடம் கொண்டுபோங்கள். தலைமுடி காயவைக்கும் டிரையர் வேண்டாம். அந்தச் சூட்டில் லென்ஸின் பிளாஸ்டிக் வளையும், உள்ளே ஒட்டியிருக்கும் பசை இளகும். அரிசியைச் சோறாக்கிச் சாப்பிடுங்கள்.

மழைக்காலத்தில் ஈரம் தண்ணீராக வரவேண்டும் என்றுகூட இல்லை, காற்றிலேயே வரும். எங்கள் ஊரில் உப்பளம் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். பீரோவில் இரண்டு மழைக்காலம் சும்மா வைத்த லென்ஸில் பங்கஸ் பிடிக்காவிட்டால்தான் நான் ஆச்சரியப்படுவேன். டார்ச் லைட்டை லென்ஸின் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கமிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி, சிலதில் வேர் விட்ட மாதிரி வெள்ளையாகத் தெரியும். ஆரம்பத்திலேயே என்றால் கழற்றித் துடைத்துவிடலாம். விட்டுவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், அப்புறம் பங்கஸ் போனாலும் அதன் தடம் போகாது. நாம் பத்திரம் என்று நினைத்துப் போட்டுவைக்கிற தோல் உறை இருக்கிறதே, ஈரத்தைப் பிடித்துவைத்துப் பங்கஸை வளர்ப்பதே அதுதான். ரப்பர் வளையமும் நான்கு பக்கக் கொக்கியும் வைத்த முறுக்கு டப்பா ஒன்று, அதில் இரண்டு கைப்பிடி சிலிக்கா ஜெல். நான் வைத்திருப்பது ஆரஞ்சு நிற ஜெல், ஈரம் குடித்ததும் பச்சையாகும். வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சு. வாணலியை அதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், என் வீட்டில் இதனால் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது.

அடுத்தது லென்ஸை இழுக்கிற யோசனை. திருச்செந்தூர் சூரசம்ஹாரம் முடிந்த மறுவாரம் எனக்கு எப்போதும் இரண்டு மூன்று கேமரா வரும். கடற்கரையில் அவ்வளவு கூட்டம், அவ்வளவு மணல். கேமரா கீழே விழவே வேண்டாம், மணல் ஒட்டிய கையால் தொட்டாலே போதும். பாக்கெட் கேமராவின் லென்ஸ் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையம். நடுவில் ஒரு மணல் மாட்டினால் பாதி வழியில் நின்று, ‘லென்ஸ் எர்ரர்’ என்று காட்டி, மூன்று தடவை பீப் அடித்து அணைந்துபோகும். உள்ளே அதை ஓட்டுவது சுண்டைக்காய் அளவு மோட்டாரும் கடுகுப் பல்லுள்ள பிளாஸ்டிக் சக்கரங்களும். கையால் ‘மெல்ல’ இழுத்தால் அந்தப் பல்தான் உடையும். அதற்கப்புறம் மணலை எடுத்தும் புண்ணியமில்லை. நல்ல பேட்டரியைப் போட்டு, கேமராவைக் குப்புறப் பிடித்துக்கொண்டு, ரப்பர் புளோயரால் வளையத்தைச் சுற்றிக் காற்றடியுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். மெல்லிய தாளை இடுக்கில் விட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். மறுபடி ஆன் செய்யுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் மணல் உதிர்ந்து லென்ஸ் ஓடிவிடுவதுண்டு. கரகரவென்று சத்தம் கேட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

யூடியூபைப் பார்த்துவிட்டு வீட்டில் திறக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளாஷ் உள்ள கேமராவில், அதற்கான கரண்டைத் தேக்கிவைக்கிற ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். சுண்டுவிரல் அளவுதான், ஆனால் அதில் 300 வோல்ட்டுக்குப் பக்கம் ஏறி நிற்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் நிற்கும். 2006இல், பத்து வருஷத்துக்கு மேல் ஸ்டுடியோ நடத்தியவன் என்ற மிதப்பில் நான் அதைத் தொட்டேன். ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து பறந்து, சுவரில் மாட்டியிருந்த என் கல்யாணப் படத்தின் கண்ணாடியை உடைத்தது. கண்ணாடி மாற்றவே இல்லை, ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

சூரசம்ஹாரம் என்றதும் இன்னொன்று. ஒரு குடும்பம் கடற்கரையில் ராத்திரி எடுத்த படத்தைக் கொண்டுவந்தது. பாட்டியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் மிதந்தன. கேமராவில் கோளாறா என்று பேரன் கேட்டான். பாட்டி, “முருகன் இறங்கியிருக்காம்லே” என்றார். பாக்கெட் கேமராவில் லென்ஸுக்கு ஒட்டினாற்போல் பிளாஷ் இருக்கும். கூட்டம் கிளப்பிய தூசி லென்ஸுக்கு அரையடி முன்னால் மிதக்கும்போது பிளாஷ் அதன்மேல் பட்டுத் திரும்பும். ஃபோகஸ் இல்லாததால் ஒவ்வொரு தூசியும் வட்டமாகத் தெரியும். மழைத்துளியும் இப்படித்தான் வரும். கேமராவில் ஒன்றுமில்லை. இதைப் பேரனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். பாட்டியிடம் வாதாடவில்லை, எட்டுக்குப் பத்து சைஸில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

இனி, பார்மட். என்னை இந்தக் கடிதத்தை எழுத உட்கார வைத்ததே இதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒரு அம்மா வந்தார். கூட மகள். மூத்த மகளின் வளைகாப்பில் எடுத்த படங்கள் ஒரு கார்டில் இருந்திருக்கின்றன. அதற்கு மூன்றாம் மாதம் வீட்டுக்காரர் தவறிவிட்டார். அவர் கடைசியாக நின்று சிரித்த படங்கள் அவை. கார்டு எர்ரர் என்று வர, யாரோ சொன்னார்கள் என்று இளைய மகள் பார்மட் செய்துவிட்டாள். கார்டு வேலை செய்தது. சரியாகிவிட்டதா என்று பார்க்க வாசலில் நின்ற ஆட்டுக்குட்டியை ஆறு படம் எடுத்தாள். அதற்கப்புறம்தான் என்ன செய்துவிட்டோம் என்பதே உறைத்திருக்கிறது. வெளியூரில் ஒரு இடத்தில் 9,000 ரூபாய் கேட்டார்களாம். அந்தப் பெண் என்னிடம் பேசவே இல்லை, தலையைக் குனிந்துகொண்டே நின்றாள்.

கார்டில் படத்தை அழிப்பது என்பது ரேஷன் கடைப் பட்டியலில் பேரை அடிப்பது மாதிரி. பேர் போய்விடும், ஆள் வீட்டில்தான் இருப்பார். கேமராவில் செய்கிற சாதாரண பார்மட்டும் அப்படித்தான், பட்டியலைத்தான் கிழிக்கிறது. எந்த வீட்டில் யார் என்ற கணக்கு இல்லாததால், காலி என்று நினைத்துக் கேமரா அடுத்த படத்தை அங்கே குடிவைத்துவிடும். அப்படிக் குடிவந்த இடம் மட்டும்தான் திரும்பக் கிடைக்காது. அதனால் படம் தொலைந்தது தெரிந்த நிமிஷம் கார்டை வெளியே எடுத்து, லாக்கைக் கீழே இறக்கி, ஒரு கவரில் போட்டு வைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. கேமராவில் ‘லோ லெவல் பார்மட்’ என்று இன்னொன்று இருக்கும். அது வீட்டையே இடிக்கிற வேலை, அதைத் தொட்டுவிடாதீர்கள்.

போட்டோரெக் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, பார்க்க அழகாக இருக்காது. அது பட்டியலைத் தேடாமல் கார்டை முதலிலிருந்து கடைசி வரை துழாவி, இது படத்தின் தலை மாதிரி இருக்கிறதே என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கும். பொறுக்குவதைக் கம்ப்யூட்டரில் சேமிக்க வேண்டும், அதே கார்டில் சேமித்தால் இருப்பதும் போகும். பழைய பேரெல்லாம் வராது, எஃப் என்ற எழுத்தும் ஏழெட்டு எண்ணுமாக வரும். அந்த அம்மாவையும் மகளையும் ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு ஓட்டினேன். முக்கால் மணி நேரம். 187 படம் வந்தது. பெரும்பாலும் வளையல், பலகாரம், உறவுக்காரர்கள் சாப்பிடுவது. அவர் இருந்தது 11. அதில் ஒரு படம் பாதிதான் வந்தது. தலை, தோள், மகள் கையில் வளையல் போடுகிற அவர் விரல்கள் வரைக்கும் இருந்தது, அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறப் பட்டை. ஆட்டுக்குட்டி அங்கேதான் குடியேறியிருக்கும். அந்த அம்மா அந்தப் பாதிப் படத்தைத்தான் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னார். 200 ரூபாய் வாங்கினேன். பிரிண்டுக்கு மட்டும்.

இப்போது சொல்லுங்கள், ‘கார்டு எர்ரர் வந்தால் பார்மட் செய்யவும்’ என்று ஒற்றை வரியில் அச்சடிக்கலாமா? முதலில் கார்டை வேறொரு ரீடரில் போட்டுப் பார்க்க வேண்டும். கார்டின் முகங்களை ரப்பரால் துடைக்க வேண்டும். மைக்ரோ கார்டை அடாப்டரில் போட்டிருந்தால் அடாப்டரை மாற்றிப் பார்க்க வேண்டும், தகராறு பெரும்பாலும் அதில்தான் இருக்கும். படத்தையெல்லாம் இரண்டு இடத்தில் நகல் எடுத்த பிறகுதான் பார்மட். அதையும் கம்ப்யூட்டரில் செய்யாமல் கேமராவிலேயே செய்வது நல்லது.

மற்றதெல்லாம் சில்லறை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேமராவில் எல்லாமே மங்கலாகத் தெரிகிறது, லென்ஸ் போய்விட்டது என்று கொண்டுவந்தார். எடுத்த படமெல்லாம் கூர்மையாகத்தான் இருந்தது. கண் வைத்துப் பார்க்கும் துவாரத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி பவர் மாதிரி சரிசெய்கிற குட்டிச் சக்கரம் ஒன்று உண்டு. பேத்தி அதைத் திருப்பி விளையாடியிருக்கிறாள். தூரத்துப் படம் மட்டும் மங்கல் என்றால் பூப்படம் போட்ட பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள், அது கிட்டத்தில் எடுப்பதற்கானது. வெளியில் எடுத்த படமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தால், வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிக்கட்டுகிற ‘ஒயிட் பேலன்ஸ்’ குண்டு பல்பில் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் தேதி கேட்டால் உள்ளே இருக்கும் துணை பேட்டரி காலி. சார்ஜ் ஏற்றிய பேட்டரியைப் போட்டு ஒரு நாள் சும்மா வையுங்கள், பல கேமராவில் அதுவே ஏறிக்கொள்ளும். மண்டபத்தில் புது கேமராவை வைத்துக்கொண்டு, சத்தமில்லாத ஷட்டரில் எடுத்து, படத்தில் கறுப்புப் பட்டை பட்டையாக வருகிறது என்று பதறுகிற தம்பிகளுக்கு: நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் எரிகிற விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். சத்தம் போடுகிற ஷட்டருக்கு மாற்றி, அதன் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஒரு சின்னத் திருத்தம் போட்டால் போதும். அரிசி, இழுப்பது, பார்மட், இந்த மூன்றுக்கும். கட்டம் கட்டியே போடுங்கள், கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஸ்டுடியோக்காரன்,
தூத்துக்குடி.

பி.கு.: அந்தக் கட்டுரையோடு வந்த பெரிய படத்தில், வானத்தின் இடது மேல்மூலையில் மங்கலாக ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. காக்கையாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். புதன்கிழமை முதல் பக்கத்தில் வந்த துறைமுகப் படத்திலும் அதே இடத்தில் அதே காக்கை. உங்கள் புகைப்படக்காரரின் சென்சாரில் தூசி உட்கார்ந்திருக்கிறது. எஃப் 16, எஃப் 22 என்று லென்ஸில் வெளிச்சம் புகும் துவாரத்தை, அதாவது அப்பெர்ச்சரை, சுருக்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும். சென்சாரில் படம் தலைகீழாக விழுவதால், புள்ளி மேலே தெரிந்தால் தூசி கீழ்ப்பக்கம் இருக்கும். சுத்தம் செய்வதற்கான மெனுவில் போய், சென்சாருக்கு முன்னால் இருக்கும் முகம் பார்க்கிற மாதிரிக் கண்ணாடியைத் தூக்கி நிறுத்திவிட்டு, கேமராவைக் குப்புறப் பிடித்துப் புளோயரால் நான்கு அடி அடிக்கச் சொல்லுங்கள். போகவில்லையென்றால் இந்தப் பக்கம் வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். காசு வேண்டாம்.